வால் இறக்கையில் ஒரு மடிப்பு: கிளைடர் கேள்வி–பதில்

இந்த இதழுக்கு எடுத்துக்கொண்ட கேள்விகள் எல்லாம் கிளைடரின் வாலைச் சுற்றியே வந்தவை. கையால் எறியும் பால்சா மர மாடல், ரேடியோ கிளைடர், ஆள் ஏறிப் பறக்கும் கிளைடர் என மூன்றும் கலந்திருக்கின்றன. ட்ரிம் டேப் என்பது மூக்கு தூக்காமலும் குத்தாமலும் பறக்க வாலின் பின்விளிம்பில் வளைத்துவிடும் சின்னத் தகடு; சுருக்கமாக டேப். அது இந்த மூன்றிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. உங்களுடையது எந்த வகையோ அதற்கான பதிலை மட்டும் பின்பற்றுங்கள்.

கேள்வி: என் பால்சா கிளைடரின் இறக்கை நீளம் 60 செ.மீ., அகலம் 8 செ.மீ. வால் இறக்கை 20 செ.மீ.க்கு 5 செ.மீ. மொத்த எடை 45 கிராம். எறிந்தால் மூக்கைத் தூக்குகிறது, வேகம் போய் நிற்கிறது, விழுகிறது, மறுபடி தூக்குகிறது. வாலின் பின்விளிம்பில் தகடு ஒட்டி ட்ரிம் டேப் வைத்தேன். டேப்பை மேலே வளைத்தால் மூக்கு இறங்கும் என்று விமானப் புத்தகம் ஒன்றில் இருந்ததால் மேலே வளைத்தேன். முன்பைவிட மோசமாகிவிட்டது. சிஜி (ஈர்ப்பு மையம், மாடல் சமமாக நிற்கும் புள்ளி) இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 36 மி.மீ.யில் இருக்கிறது. — பள்ளி மாணவர், பாலக்கோடு

தம்பி, புத்தகத்தில் தப்பு இல்லை. அது வேறு வகை வாலைப் பற்றிச் சொல்கிறது. செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானத்தில் டேப் இருப்பது எலிவேட்டரின் பின்விளிம்பில். எலிவேட்டர் என்பது வால் இறக்கையின் பின்பகுதி, கீலில் மேலும் கீழும் ஆடும். டேப்பை மேலே மடக்கினால் காற்று அந்த டேப்பைக் கீழே அழுத்தும், அதோடு சேர்ந்து எலிவேட்டரும் கீழே இறங்கும், வால் எழும், மூக்கு இறங்கும். உன் மாடலில் எலிவேட்டரே கிடையாது, வால் இறக்கை அசையாமல் ஒட்டப்பட்டிருக்கிறது. அங்கே நீ வைத்த டேப்தான் எலிவேட்டர். அதை மேலே வளைத்தால் வாலைக் கீழே அழுத்தும், மூக்கு தூக்கும். ஏற்கெனவே தூக்கிக்கொண்டிருந்த மூக்கை இன்னும் தூக்கிவிட்டாய், அவ்வளவுதான். அசையாத வாலில் டேப் மேலே என்றால் மூக்கு மேலே, டேப் கீழே என்றால் மூக்கு கீழே.

அதற்காக இப்போதே டேப்பைக் கீழே வளைத்துவிடாதே. முதலில் அதைத் தட்டையாக்கு. 36 மி.மீ. என்பது 80 மி.மீ. அகலத்தில் 45 சதவீதம். உன் வாலின் அளவுக்கு அது ரொம்பப் பின்னால். 35 சதவீதத்தில், அதாவது முன்விளிம்பிலிருந்து 28 மி.மீ.யில் தொடங்கு. 8 மி.மீ. முன்னால் வர வேண்டும். மூக்கு நுனியிலிருந்து சிஜி 12 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி: 45 கிராமை 8-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் 3 கிராம். தூண்டில் கடையில் கிடைக்கும் ஈயக்குண்டை நசுக்கி மூக்கின் அடியில் செல்லோ டேப் போட்டு ஒட்டு. நிரந்தரமாக ஒட்டுவது எல்லாம் முடிந்த பிறகு.

பிறகு எறிந்து பார். தோள் உயரத்திலிருந்து, மூக்கு இம்மி கீழே பார்த்திருக்க, அது மிதக்கும் வேகத்துக்கே தள்ளிவிட வேண்டும். பந்து வீசுவது போல் வீசினால் எந்த மாடலும் மூக்கைத் தூக்கும். அதை வைத்து எதையும் திருத்தாதே. சரியாக இருந்தால் இந்த அளவு மாடல் 8 முதல் 12 மீட்டர் வரை நேராக வழுக்கிக்கொண்டு போய் வயிற்றால் இறங்கும். மூக்கை ஆட்டிக்கொண்டே போனால் டேப்பின் பின்விளிம்பை அரை மி.மீ. கீழே இறக்கு. செங்குத்தாகப் போய்க் குத்தினால் அரை மி.மீ. மேலே. ஒரு திருத்தத்துக்குக் குறைந்தது மூன்று எறி. ஒரே ஒரு எறியை நம்பித் திருத்தினால் காற்றைத்தான் திருத்திக்கொண்டிருப்பாய்.

டேப் எவ்வளவு சாதிக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது. 5 செ.மீ. நீளம், 8 மி.மீ. அகலம் உள்ள டேப் உன் வால் நீளத்தில் கால் பங்கு. அதை 10 டிகிரி வளைத்தால், அதாவது அதன் விளிம்பு 1.4 மி.மீ. நகர்ந்தால், முழு வால் இறக்கையையும் ஏறத்தாழ 1 டிகிரி சாய்த்ததற்குச் சமம். கணக்குப்படி கொஞ்சம் கூட வரும்; இவ்வளவு மெதுவான காற்றில் நடைமுறையில் குறைந்தே கிடைக்கும். அதே 1 டிகிரியை வால் இறக்கையின் ஒரு விளிம்புக்கடியில் 0.9 மி.மீ. அட்டை வைத்தும் பெறலாம். விசிட்டிங் கார்டு ஏறத்தாழ 0.3 மி.மீ. கனம், மூன்று துண்டு போதும். பின்விளிம்புக்கடியில் வைத்தால் மூக்கு தூக்கும், முன்விளிம்புக்கடியில் வைத்தால் இறங்கும். டேப்பை 2 மி.மீ.க்கு மேல் வளைக்க வேண்டி வந்தால் டேப்பை விட்டுவிட்டு அட்டையை வை. அதிகம் வளைந்த டேப் காற்றைத் தடுத்துக்கொண்டு நிற்குமே தவிர, அதற்கேற்ற பலன் தராது.

கேள்வி: டேப்புக்கு எந்தத் தகடு நல்லது? குளிர்பான டின்னை வெட்டி ஒட்டினேன். வளைத்தது நிற்கவில்லை. இன்னொரு மாடலில் தெர்மாகோல் வால். ஃபெவிக்விக் விட்டதும் குழி விழுந்துவிட்டது. — வாசகர், கிருஷ்ணகிரி

டின் தகடு 0.1 மி.மீ. கனம்தான், ஆனால் விறைப்பான அலுமினியம். விரலால் வளைத்தால் வில் மாதிரி திரும்பிவிடும். அழுத்தி மடித்தால் மடிப்பிலேயே நாலு தடவையில் விரிசல் விடும். அதைவிட ஆஃப்செட் அச்சகத்தில் ஓடி முடித்த பிளேட் எவ்வளவோ மேல். 0.15 முதல் 0.3 மி.மீ. வரை கனத்தில் இருக்கும், வளைத்த இடத்தில் நிற்கும். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகம் எந்த ஊரிலும் உண்டு. பழைய பிளேட்டை எடைக்குத்தான் போடுவார்கள், கேட்டால் ஒன்று கொடுப்பார்கள். மெல்லியதாகப் பார்த்து வாங்குங்கள்.

50 மி.மீ.க்கு 14 மி.மீ. துண்டு வெட்டுங்கள். அதில் 6 மி.மீ. ஒட்டுவதற்கு, 8 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க. வெட்டிய ஓரங்களை 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து மழுக்குங்கள். விரலைக் கிழிக்கும் என்பது ஒரு காரணம். கூர்மையான சில்லில்தான் விரிசல் தொடங்கும் என்பது இன்னொன்று. ஒட்டும் பக்கத்தில் மையைத் துடைத்து, உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். ஒட்டுவதற்கு முன்பே ஸ்டீல் ஸ்கேல் விளிம்பில் வைத்து மடிப்புக் கோட்டை லேசாக விழவைத்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு மடித்தால் மடிப்பு பால்சாவின் விளிம்பில் விழுந்து மரத்தைப் பிளக்கும்.

பால்சா வாலுக்கு ஃபெவிக்விக் பரவாயில்லை. தெர்மாகோலையும் டெப்ரான் ஃபோம் தாளையும் அது கரைத்துவிடும். நீங்கள் பார்த்த குழி அதுதான். ஃபெவிகால் தெர்மாகோலைக் கெடுக்காது, ஆனால் உலோகத்தில் பிடிக்காது. அதனால் தெர்மாகோல் வாலுக்குத் தகடு என்றால் ஐந்து நிமிட எபாக்ஸி. இல்லாவிட்டால் தகட்டையே விட்டுவிட்டு, தடித்த அட்டையை ஃபெவிகாலில் ஒட்டி, மேலே செல்லோ டேப் இழுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் அட்டை நமுத்து வளையும். கோடையில் ஒன்றும் ஆகாது.

எடையை மறக்க வேண்டாம். 0.15 மி.மீ. பிளேட்டில் மேலே சொன்ன துண்டு 0.28 கிராம் இருக்கும். கால் கிராம்தானே என்று தோன்றும். அது சிஜியிலிருந்து 32 செ.மீ. பின்னால், மூக்கு 12 செ.மீ. முன்னால் என்றால், ஈடுகட்ட மூக்கில் 0.75 கிராம் வைக்க வேண்டும். பசையின் எடை தனி. டேப் ஒட்டியதும் சிஜியை மறுபடி பாருங்கள்.

கேள்வி: டேப் ஒரு பக்கம் போதுமா, இரண்டு பக்கமும் வேண்டுமா? — வாசகர், ஊத்தங்கரை

ஒரு பக்கம் போதும். செஸ்னா 172-இலேயே வலது எலிவேட்டரில் மட்டும்தான் இருக்கிறது. ஒரு பக்க டேப் கொஞ்சம் உருட்டப் பார்க்கும். ஆனால் வால் குட்டை, இறக்கை நீளம், இறக்கை அந்த உருளலை அமுக்கிவிடும். வி வடிவ வாலில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் வேண்டும். அதில் ஒரு பக்கம் மட்டும் வளைத்தால் மூக்கோடு சேர்ந்து மாடலும் திரும்பும்.

திருப்பத்துக்காக வால் டேப்பைத் தொடாதீர்கள். அதற்கு ரடரில் (நிமிர்ந்து நிற்கும் வாலின் பின்பகுதி) ஒரு சின்ன மடிப்பு, இல்லாவிட்டால் வால் இறக்கையைச் சற்றுச் சாய்த்து ஒட்டுவது. பின்னாலிருந்து பார்க்கும்போது வால் இறக்கையின் எந்த நுனி உயரமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் கிளைடர் திரும்பும். வால் மேல்நோக்கித் தூக்கும் மாடல்களுக்கே இது பொருந்தும். சிஜி பின்னால் வைத்த ஃப்ரீ ஃப்ளைட் (ரேடியோ இல்லாமல் தானாகப் பறக்கும்) கிளைடர்கள் பெரும்பாலும் அப்படித்தான்.

கேள்வி: 2 மீட்டர் ஃபோம் ரேடியோ கிளைடர். எப்போதும் எலிவேட்டரைக் கொஞ்சம் மேலே பிடித்துக்கொண்டே பறக்க வேண்டியிருக்கிறது. எலிவேட்டரின் பின்விளிம்பில் டேப் ஒட்டிக் கீழே வளைத்தால் எலிவேட்டர் தானாக மேலே போகும் என்று செய்தேன். கேட்கவில்லை. — வாசகர், ஓசூர்

இதுதான் பலரைக் குழப்பும் இடம். எலிவேட்டர் இருக்கிறது, டேப் அதன் மேல் இருக்கிறது, ஆகவே புத்தகத்தில் சொன்ன தலைகீழ் விதி பொருந்தும் என்று நினைத்துவிடுகிறோம். அந்த விதிக்கு எலிவேட்டர் கட்டில்லாமல் ஆட வேண்டும். ஆள் ஏறும் விமானத்தில் பைலட் குச்சியை விட்டால் எலிவேட்டர் காற்றுக்கு ஏற்ப நகரும். உங்கள் மாடலில் சர்வோ (எலிவேட்டரை நகர்த்தும் சின்ன மோட்டார்) அதை இறுகப் பிடித்திருக்கிறது. காற்று எவ்வளவு தள்ளினாலும் சர்வோ விடாது. ஆக உங்கள் டேப்பும் பாலக்கோடு தம்பியின் டேப் மாதிரியே நடந்துகொள்ளும்: கீழே வளைத்தால் மூக்கு இறங்கும். நீங்கள் கேட்டதற்கு நேர் எதிர்.

ரேடியோ கிளைடருக்கு டேப்பே வேண்டாம். அதைப் பிய்த்துவிடுங்கள். டிரான்ஸ்மிட்டரில் எலிவேட்டர் ட்ரிம்மைத் தட்டி, கை விட்டுப் பறக்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இறக்கிய பின் எலிவேட்டர் எந்த இடத்தில் நிற்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து குறித்துக்கொண்டு, ட்ரிம்மை நடுவுக்குக் கொண்டுவந்து, சர்வோக் கம்பியின் நுனியில் இருக்கும் கிளெவிஸ் கொக்கியைத் திருகி எலிவேட்டரை அதே இடத்தில் நிறுத்துங்கள். எம்2 (2 மி.மீ. விட்டம்) திருகுக் கம்பியில் ஒரு முழுச் சுற்று 0.4 மி.மீ. நகர்த்தும். கன்ட்ரோல் ஹார்ன் (எலிவேட்டரில் அந்தக் கம்பியை மாட்டும் கொம்பு) துளை கீலிலிருந்து 12 மி.மீ. தள்ளி இருந்தால் அந்த ஒரு சுற்று ஏறத்தாழ 2 டிகிரி. இரண்டு சுற்றுக்கு மேல் திருக வேண்டி வந்தால் கிளெவிஸை விடுங்கள், சிஜியைப் பாருங்கள். பேட்டரியைப் பெரிதாக மாற்றியவர்களுக்கு வரும் கோளாறு பெரும்பாலும் இதுதான்: மூக்கு கனத்துவிடும், எலிவேட்டர் மேலே கேட்கும்.

சிஜி சரியா என்று காற்றில் பார்க்க ஒரு சோதனை உண்டு. நல்ல உயரத்தில், ட்ரிம் சரியாக இருக்கும்போது, மூக்கை 30 முதல் 45 டிகிரி கீழே தள்ளிவிட்டு எலிவேட்டர் குச்சியை விடுங்கள். வெடுக்கென்று மேலே எழுந்தால் சிஜி ரொம்ப முன்னால். மெதுவாக, பெரிய வளைவாக எழுந்தால் நன்று. எழாமல் இன்னும் செங்குத்தாகப் போனால் சிஜி பின்னால். உடனே மெதுவாக இழுத்து நிமிர்த்திவிட்டு இறக்குங்கள்.

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருக்கிறது. ரேடியோ மாடலும் 2021 ட்ரோன் விதிகளுக்குள் வரும். பறக்கவிடும் இடம் பச்சை மண்டலமா (முன் அனுமதி தேவைப்படாத இடமா) என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: ரப்பர் கவணில் விடும் சிறிய கிளைடர். மெதுவாக எறிந்தால் அழகாக மிதக்கிறது. கவணில் இழுத்து விட்டால் தலைகீழாகக் கரணம் அடித்துத் தரையில் மோதுகிறது. சிஜி 20 சதவீதம், டேப் 4 மி.மீ. மேலே. டேப்பைக் குறைத்தால் கரணம் குறைகிறது, ஆனால் மிதக்காமல் குத்துகிறது. — கல்லூரி மாணவர், தர்மபுரி

டேப்பை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு மல்லுக்கட்டினாலும் இது தீராது. டேப்பும் சிஜியும் சேர்ந்து நகர வேண்டும்.

மிதக்கும் வேகம் நொடிக்கு 6 மீட்டர், கவணிலிருந்து கிளம்பும் வேகம் 18 மீட்டர் என்று வைப்போம். மூன்று மடங்கு வேகம். இறக்கை அதே கோணத்தில் நின்றால் தூக்கும் விசை ஒன்பது மடங்கு. மிதக்கும்போது அந்த விசை மாடலின் எடைக்குச் சமம். இப்போது எடையைப் போல ஒன்பது மடங்கு மேலே இழுத்தால் மாடல் கரணம் அடிக்காமல் என்ன செய்யும்?

அப்படியானால் எல்லாக் கவண் கிளைடரும் கரணம் அடிக்க வேண்டுமே என்று கேட்கலாம். சிஜியின் இடம் இங்கேதான் நுழைகிறது. சிஜி ரொம்ப முன்னாலும் டேப் ரொம்ப மேலும் இருந்தால் மாடல் தன் கோணத்தை முரட்டுத்தனமாகப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு வேகத்திலும் விடாது. சிஜியைப் பின்னால் கொண்டுவந்து டேப்பைத் தாழ்த்தினால் அந்தப் பிடி தளரும். அப்போது வேறொன்று மேலோங்கும்: மூக்கு மேலே சுழலும்போது வால் கீழே போகிறது, கீழே போகும் வாலைக் காற்று அடியிலிருந்து தாங்கும். அந்தத் தாங்கல் மூக்கை அமுக்கி, இறக்கையின் கோணத்தைக் குறைத்து, கரணத்தைப் பெரிய வளைவாக விரித்துவிடும். மெதுவாக மிதக்கும்போது சுழற்சி இல்லை, ஆகவே அந்தத் தாங்கலும் இல்லை, மிதப்பு கெடாது.

செய்ய வேண்டியது இது. மூக்கு ஈயத்தில் அரை கிராம் எடுங்கள். கையால் மெதுவாக எறியுங்கள். இப்போது மூக்கை ஆட்டும். ஆட்டம் நிற்கும்வரை டேப்பைத் தாழ்த்துங்கள். மிதப்பு சரியானதும் கவணில் பாதி இழுத்து விட்டுப் பாருங்கள். மறுபடி அரை கிராம், மறுபடி டேப். ஒவ்வொரு சுற்றிலும் சிஜியையும் டேப் அளவையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நடுவில் எங்கே நன்றாக இருந்தது என்று தெரியாமல் போகும். 35 சதவீதம் தாண்டியதும் ஒவ்வொரு மி.மீ.யாக நகருங்கள். லேசாக மூக்கைத் தாழ்த்தி விட்டால் நிமிராமல் போய்த் தரையில் குத்தும் கட்டம் ஒன்று வரும். அங்கிருந்து 2 மி.மீ. முன்னால் வந்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

விடும் முறையும் பாதி வேலை. நேராக நிமிர்த்தி விடாதீர்கள். வலக்கைக்காரர் மாடலை வலப்பக்கம் 30 முதல் 45 டிகிரி சாய்த்து, மேல்நோக்கி விட வேண்டும். கரணமாகப் போக வேண்டிய வளைவு வலப்பக்கம் ஏறும் சுருளாகிவிடும். ரடரில் இம்மி இடப்பக்கம் மடிப்பு இருந்தால் வேகம் குறைந்ததும் இடப்பக்கமாகப் புரண்டு மிதக்கத் தொடங்கும். இம்மி என்றால் உண்மையிலேயே இம்மி: வேகத்தில் அதுவும் ஒன்பது மடங்கு.

கேள்வி: தர்மபுரியில் ட்ரிம் செய்த மாடல் ஓசூரில் வேறு மாதிரி பறக்கிறது. உயரம் காரணமா? — வாசகர், காரிமங்கலம்

இல்லை. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர். தர்மபுரி அதில் பாதி உயரம். காற்றின் அடர்த்தி சுமார் 4 சதவீதம் குறையும். அதனால் மாடல் 2 சதவீதம் வேகமாகப் பறக்கும், அவ்வளவுதான். இறக்கை, வால், டேப் மூன்றின் மேலும் படும் விசை ஒரே விகிதத்தில் குறைவதால் ட்ரிம் மாறாது.

போகும் வழியில் என்ன நடந்தது என்று பாருங்கள். வெயிலில் நிறுத்திய காரின் பின்கண்ணாடிக்கடியில் தெர்மாகோல் வால் கிடந்தால் வளைந்துவிடும். டேப் பையில் நசுங்கியிருக்கலாம். ரப்பர் பேண்டில் கட்டிய வால் இறக்கையின் ஒரு விளிம்பு ஒரு மி.மீ. தூக்கி உட்கார்ந்திருக்கலாம், 5 செ.மீ. வாலில் ஒரு மி.மீ. என்பது 1 டிகிரிக்கும் மேல் என்று முன்பே பார்த்தோம். வால் உட்காரும் இடத்தில் இரண்டு பக்கமும் மெல்லிய பால்சாத் துண்டு ஒட்டிச் சாவி போல் பொருந்தச் செய்துவிடுங்கள்.

கேள்வி: மேட்டுச் சரிவில் ரேடியோ கிளைடரை வேகமாக இறக்கும்போது வாலிலிருந்து ர்ர்ர் என்று சத்தம் வருகிறது. டேப் காரணமா? — வாசகர், அரூர்

அது ஃபிளட்டர். வால் அல்லது எலிவேட்டர் படபடவென்று அடித்துக்கொள்கிறது. விட்டுவைத்தால் ஓரிரு நொடியில் வாலே பிய்ந்துபோகும். அடுத்த முறை சத்தம் கேட்டதும் மெல்ல எலிவேட்டர் கொடுத்து வேகத்தைக் குறையுங்கள். வெடுக்கென்று இழுத்தால் ஏற்கெனவே தளர்ந்த வாலுக்கு அதுவே கடைசி அடி.

டேப் காரணமாக இருக்க வாய்ப்பு நிறைய. எலிவேட்டரின் பின்விளிம்பில் எந்த எடை ஏறினாலும் கீலுக்குப் பின்னால் கனம் கூடும். ஃபிளட்டருக்கு அதைவிட நல்ல அழைப்பு வேறு இல்லை. முனை விடுபட்ட டேப் தானாகவும் அடித்துக்கொள்ளும். தரையில் இதைச் சோதியுங்கள்: சர்வோவை ஆன் செய்து, எலிவேட்டரின் பின்விளிம்பை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். அரை மி.மீ.க்கு மேல் ஆடினால் தளர்வு இருக்கிறது. ஹார்ன் துளை தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் புஷ்ராட் (சர்வோவிலிருந்து எலிவேட்டருக்குப் போகும் கம்பி) நடுவில் வளைந்துகொடுக்கும். துளை பெரிதாகிவிட்டால் ஹார்னையே மாற்றுங்கள், பசை விட்டு அடைப்பது நிற்காது. புஷ்ராடை நடுவில் ஓரிடத்தில் உடம்போடு தாங்கிப் பிடியுங்கள். கீல் இடைவெளியை அடியில் மெல்லிய செல்லோ டேப்பால் மூடுங்கள். ஒருமுறை ஃபிளட்டர் வந்த மாடலில் சர்வோ பல்லும் அடிபட்டிருக்கும். கையால் மெதுவாகத் திருப்பி, எங்காவது சிக்குகிறதா என்று பார்க்காமல் மறுபடி விடாதீர்கள்.

கேள்வி: பங்குனி வெயிலில் கிளைடர் மேலே போய்ப் போய்க் காணாமலே போய்விட்டது. டேப்பை ஏதாவது செய்து இறங்க வைக்க முடியுமா? — வாசகர், பென்னாகரம்

முடியாது. உழுத நிலத்தின் மேல் நண்பகலில் எழும் சூட்டுக்காற்று மாடல் இறங்கும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஏறும். டேப்பால் வரும் ஒன்றிரண்டு டிகிரி அதன் முன் எம்மாத்திரம்? முழு வால் இறக்கையையும் பின்விளிம்பு மேலே எழும்படி 40 முதல் 45 டிகிரி தூக்கிவிட வேண்டும். இறக்கை முழுவதும் ஸ்டால் ஆகி (தூக்கும் விசையை இழந்து), மாடல் மட்டமாக, அசையாமல், கீழே உட்காரும். வாலின் முன்விளிம்பில் கீல், பின்னால் தூக்கும் ரப்பர் பேண்ட், அதைப் பிடித்துவைக்கும் நூல், நூலை இரண்டு மூன்று நிமிடத்தில் விடும் டைமர். அந்தக் காலத்தில் புகையும் திரியை வைத்து ரப்பரைச் சுட்டு அறுப்பார்கள். காய்ந்த புல்லும் மாந்தோப்பும் உள்ள நம் பக்கத்தில் திரி வேண்டவே வேண்டாம். பொம்மைகளில் வரும் சாவி டைமரோ, கெட்டி எண்ணெயில் மெதுவாகச் சுழலும் டைமரோ போதும். மாடலின் மேல் போன் நம்பர் எழுதிவையுங்கள்.

கேள்வி: ஆள் ஏறும் இரண்டு இருக்கைப் பயிற்சி கிளைடரில், எடை குறைந்த மாணவர் தனியாக ஏறினால் மூக்கு தூக்குகிறது என்கிறார்கள். எலிவேட்டரில் வளைக்கக்கூடிய தகடு டேப் ஒன்று ரிவெட் அடித்தால் சரியாகுமா? — பொறியியல் மாணவர், பர்கூர்

கூடாது. இரண்டு தனித்தனிக் காரணங்கள்.

முதல் காரணம் எடைக் கணக்கு. கிளைடரில் பைலட் சிஜிக்கு முன்னால் உட்காருகிறார். எடை குறைந்தவர் ஏறினால் சிஜி பின்னால் போகும். எல்லையைத் தாண்டிப் பின்னால் போனால் நிலைப்பு குறையும், ஸ்பின்னிலிருந்து (சுழன்றபடி விழுவதிலிருந்து) மீள்வது கடினமாகும். டேப் குச்சியில் கைக்குத் தெரியும் பாரத்தை மட்டும் நீக்கும். சிஜி இருந்த இடத்திலேயே இருக்கும். ஆபத்து போகாது, அதைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறிதான் போகும். அதற்காகத்தான் ஒவ்வொரு கிளைடரின் காக்பிட்டிலும் குறைந்தபட்ச எடை எழுதி ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே இருப்பவர் அந்தக் கிளைடருக்கென்று அனுமதித்த ஈயப் பலகையை, அதற்குரிய இடத்தில் மாட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

இரண்டாவது எலிவேட்டரின் சமநிலை. அரூர் வாசகருக்குச் சொன்ன அதே ஃபிளட்டர்தான், இங்கே உள்ளே ஆள் இருக்கிறார். எலிவேட்டரை வெறும் பெயின்ட் அடித்தாலே கீலைச் சுற்றிய எடைச் சமநிலையைப் பராமரிப்புக் கையேட்டின் எல்லைக்குள் இருக்கிறதா என்று மறுபடி அளக்கும் வழக்கம் உண்டு. அப்படியிருக்கப் பின்விளிம்பில் தகடும் ரிவெட்டும் ஏற்றுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சான்றளிக்கப்பட்ட விமானத்தில் இப்படியொரு மாற்றம் என்றால் தயாரிப்பாளரின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடமோ, டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) ஒப்புதலோ இல்லாமல் ஒரு துளைகூடப் போடக்கூடாது.

படிப்புக்காகக் கேட்டிருந்தால், ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு இருக்கைப் பயிற்சி கிளைடர்களில் நல்ல ஜோடி இருக்கிறது. பிளானிக் எல்-13-இல் எலிவேட்டரில் பைலட்டே நகர்த்தும் ட்ரிம் டேப் உண்டு. ஏஎஸ்கே 21-இல் டேப் கிடையாது. குச்சியை ஸ்பிரிங் பிடித்து இழுக்கும். டேப் வேகத்துக்கு ஏற்ப வலுப்படும், ஸ்பிரிங் எந்த வேகத்திலும் ஒரே வலு. வேகத்தை மாற்றும்போது குச்சியில் கைக்குத் தெரியும் பாரம் இரண்டிலும் எப்படி மாறும் என்று வரைந்து பாருங்கள்.

கேள்வி: ட்ரிம் பார்க்க எந்த நேரம் நல்லது? — வாசகர், காவேரிப்பட்டணம்

விடிந்ததும், வெயில் தரையைச் சுடுவதற்கு முன். அகர்பத்திப் புகை நேராக மேலே போனால் எறியலாம். சாய்ந்தால் புகை வரும் திசையைப் பார்த்து, காற்றுக்கு நேர் எதிரே மட்டும் எறியுங்கள். ஆடிக் காற்று வீசும் வாரங்களில் காலையிலும் சுகமில்லை. அந்த நாட்களில் பசை வேலைகளை முடித்துக்கொண்டு, டேப் அளவை எழுதிய தாளைப் பத்திரமாக வையுங்கள்.